கார்டின் கீழ் ஓரம்

ஜூலை 17, வியாழன்

இந்த டைரி எங்கள் அச்சகத்தில் பைண்டிங் தவறிப்போன ஒன்று. ஜூன் முடிந்ததும் மறுபடி பிப்ரவரி வருகிறது. ஒதுக்கிப் போட்டிருந்ததை எடுத்து வந்தேன். தேதியை நானே போட்டுக்கொள்கிறேன்.

காலையில் மிஷின்மேன் பொன்னுச்சாமியைச் சத்தம் போட்டுவிட்டேன். முருகன் காலண்டர் ஓடிக்கொண்டிருந்தது. முதல் தாளை எடுத்துப் பார்த்தால் வேல் நடுவில் நெளிந்திருக்கிறது. சுற்றியிருக்கும் கட்டமும் வளைந்திருக்கிறது.

"பிளேட்டை ஒழுங்கா மாட்டலையா?"

அவர் தாளை வாங்கி ஸ்கேலை வைத்துக் காட்டினார். "நேராத்தான மேடம் இருக்கு."

ஸ்கேலும் வளைந்திருந்தது.

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். அந்தக் கண் பிறந்ததிலிருந்தே சோம்பேறி. எல்லாம் மங்கல்தான். ஆனால் கோடு நேராக இருந்தது. கோணல் பிளேட்டில் இல்லை, என் நல்ல கண்ணில்.

மதியமே மதுரை. கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் மெஹர் படம் எடுத்துக் காட்டினார். விழித்திரையின் நட்டநடுவில் ஒரு ஓட்டை. திங்கள்கிழமை ஆபரேஷன். கண்ணுக்குள் இருக்கிற பசையை எடுத்துவிட்டு வாயுவை நிரப்புவார்களாம். அந்தக் குமிழி மேலே எழும்பி ஓட்டையை அழுத்திப் பிடித்தால் அது மூடும். கண்ணின் பின்பக்கம் மேலே இருக்க வேண்டுமானால் முகம் தரையைப் பார்த்திருக்க வேண்டும்.

"சாப்பிடறப்போ, தூங்கறப்போ, எப்பவும் குனிஞ்சேதான் இருக்கணும்மா. தலையைத் தூக்கினா குமிழி இடம் மாறிடும்."

"நான் கலர் பார்க்கிற வேலையில இருக்கேன் டாக்டர்."

"மொதல்ல ஓட்டை மூடட்டும்."

பஸ்ஸில் இவர், என் வீட்டுக்காரர், ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அந்தக் குமிழியைப் பற்றித்தான் யோசனை. கொத்தனாரின் ரசமட்டத்துக்குள் ஓடுமே, அதைப் போலவா? உள்ளிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்?

ஜூலை 21, திங்கள்

ஆபரேஷன் ஆயிற்று. வலி இல்லை. எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 23, புதன்

வீடு. நாற்காலியில் உட்கார்ந்து, கட்டில் விளிம்பில் தலையணை போட்டு அதில் நெற்றியைச் சாய்த்திருக்கிறேன். கீழே முக்காலி. அதன் மேல் டைரி. இடது கண்ணை நம்பி, ஸ்கெட்ச் பேனாவால் பூசணிக்காய் அளவுக்கு எழுதுகிறேன். காபியை ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிறேன்.

இவர் போகமாட்டேன் என்று நின்றார். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதற்குள் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு கேரளாவையும் ஆந்திராவையும் சுற்றி வராத விற்பனைப் பிரதிநிதிக்கு சிவகாசியில் வேலை கிடையாது. நான்தான் போகச் சொன்னேன்.

"உன்ன யாரு பாத்துக்குவா?"

"பக்கத்து வீட்டு ஜெபமணி வருவா."

ஜெபமணி வரவில்லை. சாயங்காலம் கதவைத் தாண்டி இரண்டு கால்கள் வந்தன. மிஞ்சி கழற்றிய விரல்கள். வலது பெருவிரலில் மஞ்சள் வைத்துத் துணி சுற்றியிருந்தது. நிலைப்படியில் இடித்துக்கொண்டு, "ச்சே" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தன.

"கொழம்பு வச்சிருக்கேன். குனிஞ்சே சாப்பிடுவியா, ஊட்டணுமா?"

என் ஓரகத்தி. இவருடைய அண்ணன் பெண்டாட்டி தங்கபுஷ்பம் அக்கா. ஒரே தெருவில் இருக்கிறோம், பேச்சு கிடையாது. கூட்டுக் குடித்தனம் பிரிந்தபோது வீட்டை ஒழிக்கிறேன் என்று நான் சேர்த்து வைத்திருந்த தபால் கார்டுகள் இருந்த ஒரு பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதற்கு நான் ஏதோ சொன்னேன். அதிலிருந்து இல்லை. அண்ணன் தவறியபோது போனேன், வந்தேன், அவ்வளவுதான்.

"உங்கள யாருக்கா வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

ஜூலை 24, வியாழன்

தபால்காரர் பார்சல் கொண்டுவந்தார். ஹங்கேரியிலிருந்து இல்டிகோ. நேரில் பார்த்ததில்லை. அவளுக்கு நம் ஊர் இன்லண்டு லெட்டர்கள் வேண்டும், எனக்கு அவள் ஊர்க் கார்டுகள். பல வருடங்களாக மாற்றிக்கொள்கிறோம். இந்த நேரத்திலா வர வேண்டும்!

அக்கா பிரித்தார். "என்னடி இது, பழைய கார்டு! ஸ்டாம்பு சேக்கறவங்க ஸ்டாம்புதான சேப்பாங்க?"

"நான் ஸ்டாம்பு சேக்கலக்கா. ஸ்டாம்பு கார்டுலயே சேர்ந்து அச்சாகி வரணும். நம்ம போஸ்ட் கார்டு, இன்லண்டு லெட்டர் மாதிரி. அப்பிடி ஒவ்வொரு நாடும் அச்சடிச்சதத்தான் சேக்கறேன். ஒட்டுனது வேண்டாம்."

"ஏன்?"

நல்ல கேள்வி. ஒட்டிய தபால்தலை ஒருநாள் கார்டைவிட்டுப் போய்விடும். அச்சானது போகாது. அச்சகத்துக்காரிக்கு வேறென்ன பிடிக்கும்? அதைச் சொல்லத் தெரியவில்லை. "என்ன படம் இருக்குன்னு சொல்லுங்க," என்றேன்.

"கிரீடம்."

"எப்படி?"

"கிரீடம் மாதிரி."

"அக்கா!"

"மேல ஒரு சிலுவ. அது சாஞ்சிருக்கு."

"சாஞ்சிருக்கா? கார்டை நேரா வச்சிருக்கீங்களா?"

"நேராத்தான் வச்சிருக்கேன். கட்டம் நேரா இருக்கு, கிரீடம் நேரா இருக்கு, சிலுவ மட்டும் கோணல். அச்சுல தப்பு போல."

அச்சுப் பிழை உள்ள கார்டு எல்லா ஊரிலும் அபூர்வம். இல்டிகோ கவனிக்காமலே அனுப்பிவிட்டாளா? முக்காலியில் வைக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தேன். இடது கண்ணுக்குப் பச்சையாக ஒரு கறை தெரிந்தது. அவ்வளவுதான்.

ஜூலை 25, வெள்ளி

சிலுவை சாய்ந்திருக்கிறதா, அக்காவுக்கு அப்படித் தெரிகிறதா?

ஜூலை 26, சனி

அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். கார்டுகளைப் பற்றிய கேட்டலாக் பரணில் இருக்கிறது. எடுத்ததும் வைத்ததும் சில நிமிடம்கூட இருக்காது. ஹங்கேரிப் பக்கத்தைக் கண்டுபிடித்தேன், எழுத்து தெரியவில்லை. ஸ்டூலை மறுபடி அதன் இடத்தில் வைத்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

இன்றும் ஒருமுறை. பூதக்கண்ணாடியோடு.

ஜூலை 28, திங்கள்

மதுரை. அக்கா துணைக்கு வந்தார். பஸ் படியில் ஏறும்போது காலால் துழாவித் துழாவி ஏறினார். பெருவிரல் புண்ணாயிற்றே.

டாக்டர் மெஹர் நீண்ட நேரம் படத்தைப் பார்த்தார். "ஒரு பக்கம் இன்னும் ஒட்டலை. குனிஞ்சே இருந்தீங்களா?"

"இருந்தேன் டாக்டர்."

அக்காவின் கால்விரல்கள் தரையில் மடங்கியதைப் பார்த்தேன்.

"இன்னும் ஒரு வாரம். இந்த தடவை நல்லா இருங்க. மறுபடி ஆபரேஷன்னு போனா நான் எதுவும் உறுதி சொல்ல முடியாது."

ஜூலை 29, செவ்வாய்

காலையில் கொண்டிச் சத்தம். கேட்டலாக்கையும் பூதக்கண்ணாடியையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு அக்கா என் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாளில் முதல் தடவை. நான் பார்ப்பதற்கு அவர் தரையில் உட்கார வேண்டியிருக்கிறது.

"ஸ்டூலு பரணுக்குக் கீழ கெடந்துச்சு. இருட்டுல நான் அதுல இடிச்சு விழுந்தேன். தெரியுமா உனக்கு?"

"இவர்கிட்ட சொல்லாதீங்க."

"தம்பிகிட்ட சொல்லி? அது பாதிலயே சாம்பிளப் போட்டுட்டு ஓடி வரும். உனக்கு என்னடி தெரியணும்? கேளு. நான் பாத்துச் சொல்றேன். எங்கண்ணு நல்லாத்தான இருக்கு."

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

அப்படி ஆரம்பித்தது. ஒரு கார்டை எப்படிச் சொல்வது என்று முதலில் சொல்லிக்கொடுத்தேன். மேலிருந்து கீழே வர வேண்டும். மேல் பக்கம் என்ன, நடுவில் என்ன, கீழே என்ன. அழகாயிருக்கு, நல்லாயிருக்கு எல்லாம் கூடாது.

"போலீஸ் விசாரணை மாதிரி இருக்கு," என்றார். ஆனால் இரண்டாவது கார்டிலேயே பிடித்துக்கொண்டார்.

கிரீடக் கார்டு இரட்டைக் கார்டாம். மடித்து, ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஒன்றில் எழுதி அனுப்புவது, மற்றது பதில் எழுதுவதற்கு. அதற்கும் சேர்த்து முதலிலேயே கட்டணம் கட்டியாயிற்று. பெற்றவர் கிழித்து எழுதிப் போட்டால் போதும்.

"ரெண்டாவதுல எழுதவே இல்லையே. வெறுசா கெடக்கு."

"அதனாலதான்கா மதிப்பு. பதில் போயிருந்தா ரெண்டும் பிரிஞ்சிருக்கும். சேர்ந்து கிடைக்கறது கஷ்டம்."

அக்கா கார்டைத் திருப்பிப் பார்த்தார். "ஒருத்தி பதிலுக்கும் சேத்துக் கட்டி அனுப்பியிருக்கா. வரல. வராததுக்குத்தான் உங்க ஊர்ல மதிப்பா?"

"எங்க ஊர் இல்லக்கா, இது..."

"என்னமோ போங்க. எதுக்கு எழுதல அவ? அதைக் கேட்டியா நீ?"

இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. இல்டிகோவுக்குக் கார்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அக்கா போனில் எடுத்தார். சிலுவை ஏன் சாய்ந்திருக்கிறது, என்ன எழுதியிருக்கிறது, இரண்டையும் அக்கா கையாலேயே கேட்டு அனுப்ப, நான் எழுத்துக்கூட்டினேன்.

ஜூலை 31, வியாழன்

இன்று ஜப்பான். புத்தாண்டுக்குப் போடுகிற கார்டு.

"மேல சிவப்பா வட்டம். அதுக்குள்ள குதிர. பக்கத்துல பூச்சி பூச்சியா எழுத்து. நடுவுல வெறுசு."

"கீழே?"

"கீழ ஒண்ணும் இல்ல."

"நம்பர் இருக்கணுமேக்கா. அது லாட்டரி நம்பர்."

"லாட்டரியா!" அக்கா எழுந்து உட்கார்ந்தது சத்தத்தில் தெரிந்தது. "கார்டுலயா? விழுந்துச்சுன்னா?"

"அந்த ஊர்ல அப்படித்தான். கார்டு வந்தவங்களுக்குப் பரிசு. கீழ் ஓரத்துல பாருங்க."

கார்டு திரும்பும் ஒலி. பிறகு, "அட, ஆமா, இருக்கு. ஓரத்துல போட்டா யாருக்குத் தெரியும்? இது விழுந்துச்சான்னு எப்பிடிப் பாக்கறது?"

விழுந்திருந்தாலும் தேதி எப்போதோ முடிந்திருக்கும் என்றேன். ரொம்ப வருத்தப்பட்டார். குதிரைக்கு வால் எந்தப் பக்கம் என்று கேட்டேன். சரியாகச் சொன்னார். அவருக்கு மேல்பக்கம் எல்லாம் அத்துப்படி. கீழ்ப்பக்கத்தில்தான் அவசரம். உருகுவே கார்டிலும் அடியில் இருந்த அச்சகத்தின் பெயரை விட்டுவிட்டார்.

மாலைக் காபி டம்ளருக்கு வெளியே கொட்டி, முக்காலியெல்லாம் காபி. கார்டு தப்பியது.

ஆகஸ்ட் 2, சனி

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் சொட்டு மருந்துக்காக அக்கா கண்ணை மறைத்திருந்த மூடியை எடுத்திருந்தார். வலது கண்ணில் வழக்கம்போல வெறும் வெளிச்சம், தண்ணீருக்கடியில் இருப்பது போல. முக்காலியில் கிரீடக் கார்டு இருந்தது. நெற்றியை நகர்த்தும்போது தலையணை வழுக்கி, முகம் கார்டுக்குக் கிட்டத்தட்ட ஒட்டிப் போய்விட்டது.

கோடு தெரிந்தது.

பச்சை மையில் ஒரு கோடு. அதன் விளிம்பில் மை கசிந்து நின்ற இடம். காகிதத்தின் நார்கள், வைக்கோல் மாதிரி. கொஞ்சம் விலகினால் மறுபடி வெளிச்சம் மட்டும். இரண்டு விரல் தூரத்துக்கு வந்தால் மறுபடி நார். எந்தப் பூதக்கண்ணாடியிலும் நான் இவ்வளவு பெரிதாக ஒரு அச்சைப் பார்த்ததில்லை.

"அக்கா!"

"என்னடி, என்னாச்சு?"

"தெரியுதுக்கா! மை தெரியுது!"

அவர் ஓடி வந்து கதவில் இடித்துக்கொண்டார். நான் கார்டை மெல்ல நகர்த்தி நகர்த்தி, கிரீடத்தின் வளைவு, முத்து, மேலே ஏறி, சிலுவை. சாய்ந்துதான் இருக்கிறது. பிளேட் நகர்ந்து இப்படி ஆகவில்லை. அப்படி ஆகியிருந்தால் கோடு உடைந்திருக்கும், இரட்டித்திருக்கும். ஒரே கோடாக, சுத்தமாக, வேண்டுமென்றே பிளேட்டிலேயே சாய்த்து வெட்டியிருக்கிறார்கள்.

ஏன்?

அக்கா என் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். "சாமி கண்ணத் தொறந்துருச்சு," என்றார். நான் சிலுவையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தெருவில் வெடி. ஆல்பங்கள் வந்தாயிற்று. இவர் விஜயவாடாவிலிருந்து பேசினார். "கண்ணு?" "மை தெரியுது." "என்னது?" "வந்ததும் சொல்றேன்." அக்கா சித்ரான்னம் கட்டி வந்தார். தேங்காய்ச் சாதம் எனக்கு, புளிச்சாதம் அவருக்கு. அக்காவின் பெண் செல்வி ஓசூரில் இருக்கிறாள், ஒரு நாள்கூட விடாமல் போன் செய்கிறாள். "அங்க வந்து இருன்னு கூப்பிடுதா. நான் இங்க என்னா பண்ணுதேன்னு தெரியாம அங்க போயி என்னா பண்ண?"

ஆகஸ்ட் 4, திங்கள்

ஓட்டை மூடிவிட்டது!

கிட்ட வைத்தால் ஏன் தெரிந்தது என்று டாக்டரிடம் கேட்டேன். கண்ணுக்குள் தண்ணீர் இருக்கும் இடத்தில் வாயு இருப்பதால் கண்ணே ஒரு நுண்ணோக்கி மாதிரி ஆகிவிடுமாம். "எல்லாரும் பயந்துபோய் வந்து கேப்பாங்க. நீங்கதான் சந்தோஷமா கேக்கறீங்க." குமிழி கரையக் கரைய அந்த வசதி போய்விடும் என்றார். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

தலையை நிமிர்த்தலாம். ஆஸ்பத்திரி வாசலில் நிமிர்ந்து பார்த்தேன். வேப்பமரம். அக்காவின் முகம். இந்த நாட்களில் பெரும்பாலும் கால்களையே பார்த்து, முகம் வேறு மாதிரி நினைவில் நின்றிருந்தது. வயதாகிவிட்டது அவருக்கு.

ஆகஸ்ட் 7, வியாழன்

குமிழி பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. வலது கண்ணில் ஒரு நீர்மட்டக் கோடு. தலையைச் சாய்த்தால் அதுவும் ஆடி, நேராகிறது. ரசமட்டமேதான். கோட்டுக்கு மேலே உலகம் தெளிவு. அச்சகத்திலிருந்து வந்திருந்த புரூப்பைச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். நேர்க்கோடு நேர்க்கோடாக இருக்கிறது, ஒரே ஒரு இடத்தில் மட்டும் லேசாகக் கிள்ளியது போல.

இல்டிகோவிடமிருந்து பதில். அக்காவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

அது பிழை இல்லை. அவர்கள் நாட்டு மன்னர்கள் அணிந்த கிரீடத்தில் அந்தச் சிலுவை உண்மையிலேயே சாய்ந்துதான் இருக்கிறதாம். எப்போதோ, ஏதோ அடிபட்டு வளைந்திருக்கிறது. எப்படி என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். யாரும் அதை நிமிர்த்தவில்லை. அதற்குப் பிறகு எங்கே வரைந்தாலும் சாய்த்தே வரைகிறார்கள். 'எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று நினைத்தாயா?' என்று சிரித்திருந்தாள்.

நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "எழுதுனது என்னா?"

ஒரு பெண் தன் அக்காவுக்கு எழுதியது. எந்த நாள், எந்த ரயிலில் வருகிறாய்? பாதையெல்லாம் சேறு, நடக்க முடியாது, வண்டி கட்டிக்கொண்டு வருகிறேன். வரும் தேதியை மட்டும் இதனோடு இருக்கும் கார்டில் எழுதிப் போடு.

அக்காவுக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. "அப்ப அவ எழுதியிருக்கமாட்டா. கார்டையும் கையில எடுத்துக்கிட்டு நேரா வந்து எறங்கிருப்பா. அதான் கிழிக்கல."

"அது நமக்குத் தெரியாதுக்கா."

"எனக்குத் தெரியும்."

ஆகஸ்ட் 9, சனி

நிமிர்ந்து நடக்க ஆரம்பித்ததிலிருந்து அக்காவைப் பார்க்கிறேன். வாசல் படியில் நின்று, ஒரு காலை நீட்டித் தடவி, தரை தட்டியதும் இறங்குகிறார். கோலப்பொடி டப்பாவைக் காலடியில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிறார். காபி. ஸ்டூல். லாட்டரி நம்பர். உருகுவே.

ஒரு அச்சகத்தில் தாளுக்குத் தாள் ஒரே பக்கம் வெட்டுப்பட்டு வந்தால், கவனக்குறைவு என்று சொல்லமாட்டோம். கட்டிங் மிஷினைத்தான் பார்ப்போம். இத்தனை கார்டு அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், எல்லாவற்றிலும் போனது கீழ் ஓரம்தான். எப்படி இதை நான் அவசரம் என்று நினைத்தேன்?

ஆஸ்பத்திரியில் நர்ஸ் செய்ததை நானும் செய்து பார்த்தேன். எதிரெதிரே உட்கார்ந்து, "என் மூக்கை மட்டும் பாருங்க. விரல் தெரிஞ்சதும் சொல்லுங்க."

"இது என்ன புது வெளையாட்டு?"

மேலிருந்து விரலை இறக்கினேன். உடனே சொன்னார். பக்கத்திலிருந்து, கொஞ்சம் தாமதம். மடியிலிருந்து மெல்ல மேலே கொண்டுவந்தேன். இடுப்பு. நெஞ்சு. கழுத்து.

"எங்க விரல்? ஆரம்பிச்சிட்டியா?"

என் கை அவர் நாடிக்கு நேராக இருந்தது.

"இல்லக்கா," என்றேன். "இன்னும் ஆரம்பிக்கல."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எனக்குத் துணை என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். என்னைப் பார்த்து முடித்ததும் அக்காவின் கண்ணைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன். அக்கா எழுந்துவிட்டார்.

"எனக்கு என்ன? ஊசில நூல் கோக்குறேன். பேப்பர் படிக்கிறேன்."

"படிப்பீங்கம்மா," என்றார் டாக்டர். "நடுவுல நல்லாத்தான் இருக்கும். ஓரத்துல இருந்துதான் போகும். வலிக்காது. அதான் யாருக்கும் தெரியறதில்லை."

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே உட்கார்ந்து பொத்தான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் நீண்ட நேரம் சத்தமே வரவில்லை.

கண் நீர் அழுத்தம். இரண்டு கண்ணிலும். கீழ்ப்பாதியில் பெரும்பகுதி போய்விட்டது. போனது திரும்பாது. தினம் சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் நடுவும் போயிருக்கும் என்றார் டாக்டர். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் கார்டு என்று ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம். திருப்பரங்குன்றம் தாண்டியதும் சொன்னார், என்னைப் பார்க்காமல்.

"நீ அன்னைக்கே சொன்ன. பேப்பர்காரன் முன்னாடி, அத்தன பேர் முன்னாடி. 'பொட்டிய எடுத்துப் போடறப்ப கண்ணு அவிஞ்சா போச்சு'ன்னு."

திருமங்கலம் வந்தது. கள்ளிக்குடி வந்தது. விருதுநகரில் வண்டி நின்று, முறுக்கு விற்கிறவர் ஏறி, இறங்கி, வண்டி கிளம்பியது.

ஆகஸ்ட் 13, புதன்

அக்கா வரவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இவர் வந்துவிட்டார். நான் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து வாசலிலேயே அழுதார், பையைக்கூட இறக்காமல். அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்து, "மதினி கதவத் தொறக்கல. தலவலின்னு உள்ள இருந்தே சொல்லிட்டாக," என்றார். "சண்டையா?"

இல்லை என்றேன்.

குமிழி ஒரு மிளகு அளவுக்கு வந்துவிட்டது. நடக்கும்போது பார்வையின் அடியில் உருண்டு உருண்டு வருகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை சமையலை இவரிடம் விட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை, கொல்லைப்பக்கமாகப் போனேன். துவைகல்லில் உட்கார்ந்திருந்தார். கையில் மருந்துக் குப்பி. கன்னமெல்லாம் ஈரம். அழுகையா மருந்தா என்று தெரியவில்லை.

"கண்ணுக்குள்ள விழ மாட்டேங்குதுடி. கன்னத்துலதான் ஓடுது. பாதிக் குப்பி போச்சு."

"குடுங்க."

"நீ எதுக்கு வந்த?"

"யாரும் வரச் சொல்லல."

அவர் சிரிக்கவில்லை, ஆனால் குப்பியைக் கொடுத்தார். தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லி, கீழ் இமையை இழுத்து, ஒரு சொட்டு. அடுத்த கண். எனக்கு அவர் எத்தனை தடவை செய்தது! விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தேன். என் விரலடியில் அவர் நரம்பு துடித்தது.

"அக்கா, நான் அன்னைக்கு..."

"விடு. பேசுனா மருந்து வெளிய வந்துரும்."

"பேசறது நான்தான."

"நானும் பேசணும்ல."

மருந்து உள்ளே இறங்கும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாளை முதல் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பலகையில் கடைசிக்கு முந்தைய வரி வரை படிக்கிறேன். கலர் எல்லாம் தெரிகிறது. புள்ளி புள்ளியாகப் பார்க்கும் வேலையைப் பொன்னுச்சாமியோடு பகிர்ந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார் முதலாளி. அவரைச் சத்தம் போட்டவள் இனி அவரைக் கேட்க வேண்டியிருக்கும். கேட்டுக்கொள்வேன். குமிழி போய்விட்டது. எந்த நேரத்தில் போனது என்று கவனிக்கவில்லை.

காலையும் மாலையும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். வாசல் படி ஓரத்துக்கு இவர் மஞ்சள் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். தலையைக் குனிந்து பார்த்து நடக்கப் பழகிக்கொள்கிறார் அக்கா.

இன்று மாலை மருந்து விட்டு முடித்ததும் செல்வியின் போன் வந்தது. இத்தனை நாளும் அவளிடம் சொல்லவில்லையாம். "நீ சொல்லு. நான் சொன்னா அழுதுருவேன்," என்று என்னிடம் நீட்டினார். நான் வாங்கி, "செல்வி, நான் சித்தி பேசறேன்," என்றேன்.

நான் அவளோடு கடைசியாக எப்போது பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் கேட்டாள், "அம்மாவுக்கு என்னாச்சு சித்தி? கண்ணுக்கு என்னமோன்னு ஜெபமணி அத்தை சொன்னாங்க. கண்ணு தெரியாதாமே? முழுசா போயிருச்சா?"

எங்கிருந்து ஆரம்பிப்பது?

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். அழவில்லை. துவைகல்லில் நேராக உட்கார்ந்து, எதிரே இருந்த கொல்லையைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார்.

"அழாதடி. சொல்றத ஒழுங்கா கேளு. மேல எல்லாம் இருக்கு. முருங்கமரம், அதுல காயி, கொடிக்கயிறு, எல்லாம் தெரியுது. நடுவுல இருக்கு. சித்தி நிக்கிறா, நீலச் சேல. கீழ் ஓரந்தான் இல்ல. அது திரும்ப வராது. மிச்சத்தப் போகாமப் பாத்துக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கு."

கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்ல, நீ ஓடி வர வேணாம். வர்றதா இருந்தா வா. எழுதிக் கேக்கல்லாம் வேணாம், நேரா வந்து எறங்கு."